இரண்டே முக்கால் மணித் தலைவலி

எங்கள் நரம்பியல் பிரிவின் பழைய கேஸ் ஷீட் ஒன்றில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: நோயாளி ஒத்துழைக்கவில்லை. முப்பத்து நான்கு வருடம் சேலத்தில் நர்ஸாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். இத்தனை காலத்தில் நான் எழுதியவற்றில் நினைத்தால் இன்றைக்கும் வெட்கப்பட வைப்பது அந்த ஒரு வரிதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் சிஸ்டர்களுக்கு ஏதாவது எழுதிக்கொடுங்கள் என்று நீங்கள் கேட்டதும் அதுதான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. ஊசி போடுவதும் மருந்து அளவு பார்ப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நான் தப்பாகச் செய்ததையும், தப்பாகச் செய்யாமல் மயிரிழையில் தப்பித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

அவர் பெயர் சென்னியப்பன். எருமப்பட்டிப் பக்கம் கோழித் தீவன மில் வைத்திருந்தார். நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைப் பண்ணைகளுக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும் அரைத்துக் கலந்து அனுப்புகிற மில். வயது நாற்பத்தெட்டு இருக்கும். நல்ல உயரம், உரத்த குரல். ஆறு வருடமாகத் தலைவலி. முதலில் வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போனது, பிறகு போகவே இல்லை. எங்களிடம் வருவதற்குள் இரண்டு பல்லைப் பிடுங்கியிருந்தார்கள், மூக்கில் ஒரு ஆபரேஷன் ஆகியிருந்தது, மூன்று கண்ணாடி மாற்றியிருந்தார். ஒற்றைத் தலைவலி என்று எழுதி வார்டில் சேர்த்தார்கள்.

முதல் நாள் மதியம் இரண்டே முக்கால் மணி. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்திருந்தோம். பதினாலு நோயாளிகளுக்கு நான் ஒருத்தி. ஐந்தாம் படுக்கைப் பெண்ணுக்கு அப்போதுதான் வலிப்பு வந்து அடங்கியிருந்தது. அந்த நேரத்தில் இந்த மனிதர் படுக்கையை விட்டு எழுந்து வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். உள்ளங்கையால் இடது கண்ணை அமுக்கிக்கொள்கிறார். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுகிறார்.

"சார், போய்ப் படுங்க. தலைவலின்னா கண்ணை மூடிப் படுத்தாத்தான் குறையும்" என்றேன்.

"படுத்தா தாங்க முடியலீங்க சிஸ்டர். நடந்தாத்தான் கொஞ்சம் உசுரு நிக்குது."

"மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு பாருங்க."

அவர் படுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நடந்தார். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். "சிஸ்டருக்கு ஒரு சுளை?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நேரம் கம்பியில் முட்டியவர் எப்படி இப்படிச் சிரிக்க முடியும்? வலி ஊசிக்காக நடிக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்த வரியை எழுதினேன்.

மறுநாளும் அதே நேரம், அதே நடை. நான் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கடந்து போகையில் அவருடைய மனைவி சாந்தாமணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதிகம் பேசாத பெண்மணி. அதுவரை என்னிடம் வெந்நீர் கேட்டதைத் தவிர வேறு பேசியதில்லை.

"நீங்க எதுவும் குடுக்க வேண்டாமுங்க. திட்டறதுன்னாலும் திட்டிக்கோங்க. ஒரு நிமிசம் நின்னு அவரு மூஞ்சிய மட்டும் பாருங்க."

பார்த்தேன். இடது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அந்தக் கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் ஒழுகியது. இமை பாதி தொங்கியிருந்தது. இடது மூக்குத் துவாரம் ஒழுகியது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை, வறண்டு கிடந்தது. ஒரே முகத்தில் பாதி அழுகிறது, பாதி சும்மா இருக்கிறது. யாராலும் அப்படி நடிக்க முடியாது.

எங்கள் நரம்பியல் டாக்டர் காலையில் எட்டரைக்கு ரவுண்ட்ஸ் வருவார். அப்போது சென்னியப்பன் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உற்சாகமாக இருப்பார். ஆறு வருடமாக எந்த டாக்டரும் அவரை வலியோடு பார்த்ததே இல்லை. நான் ஓ.பி.க்குப் போய், நாளைக்கு இரண்டு நாற்பதுக்கு வார்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்றேன். அவர் எரிச்சலோடு வந்தார். இரண்டே முக்காலுக்குச் சென்னியப்பனின் கண் சிவக்கத் தொடங்கியது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கொத்துத் தலைவலி. ஆக்சிஜன் கொண்டு வாங்க" என்றார்.

ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். கொத்துத் தலைவலிக்காரரால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. பாடப்புத்தகத்தில் இது இருக்கிறது, நானும் படித்திருந்தேன். என் கண் முன்னால் ஒன்றரை மணி நேரம் நடந்தவரைத்தான் படுங்கள் என்று அதட்டினேன்.

மாஸ்க்கை இறுக்கிப் பிடித்து ஆக்சிஜனை வேகமாகத் திறந்துவிட்டோம். பதினைந்து இருபது நிமிடத்தில் வலி வடிந்தது. சென்னியப்பன் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெறும் காத்துங்களா இது? இதுக்கா ரெண்டு பல்லைக் குடுத்தேன்?"

அன்று சாயங்காலம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், கேஸ் ஷீட்டில் எழுதியதையும் சொன்னேன். "அட உடுங்க சிஸ்டர். மில்லுல ஆராச்சும் வயித்து வலின்னு சொன்னா நானும் இப்புடித்தான் நெனைப்பேன்" என்றார். எழுதியதை அடித்துத் திருத்த விதி இல்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன்: மேலே உள்ளது என் தவறு.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் இந்த நோய்க்கு என்று இருக்கிற மாத்திரைகள் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று காலை வீங்க வைத்தது, ஒன்று கையை நடுங்க வைத்தது. பின்மண்டை நரம்பில் ஊசி போட்டார்கள். அது மூன்று வாரம் தாங்கியது. மில்லில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், வீட்டில் ஒன்று, காரில் சின்னதாக ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்றாக இருந்த வலி ஐந்து, ஆறு என்று ஏறியது. மதியம் வருவது மட்டும் ஒரு நாளும் தவறவில்லை.

ஒரு முறை ஓ.பி. வாசலில் சாந்தாமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கெணத்துப் பக்கம் அவரைத் தனியா உடறதில்லீங்க நானு. தோட்டத்துக்குக் கெளம்புனா நானும் வாரேன்னு கூடவே போயிருவேன். அவருக்குத் தெரியும் எதுக்கு வாரேன்னு. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கறதில்லீங்க."

அதை உடனே டாக்டரிடம் சொன்னேன். யார் உங்களிடம் இப்படி ஒன்றைச் சொன்னாலும், அது எவ்வளவு சாதாரணமான குரலில் வந்தாலும், அன்றைக்கே சொல்லுங்கள். அன்று மதியமே டாக்டர் இருவரையும் உட்கார வைத்து வெளிப்படையாகப் பேசினார். மனநல மருத்துவரையும் வரவழைத்தார். ஆழ்மூளைத் தூண்டல் என்ற பேச்சு அந்த அறையில்தான் முதலில் வந்தது.

நடுக்க நோய்க்கு நாங்கள் அதைப் பல வருடமாகச் செய்துவந்தோம். மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு, மூளையின் ஆழத்தில் முடி போன்ற ஒரு கம்பியை இறக்கி, மார்புத் தோலுக்கு அடியில் வைத்த பேட்டரியிலிருந்து மெல்லிய மின்சாரம் அனுப்புவது. தலைவலிக்குச் செய்தது இல்லை. உலகத்திலேயே குறைவாகத்தான் செய்திருக்கிறார்கள். உடம்பின் கடிகாரம் போல இயங்குகிற ஹைப்போதலாமஸ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் கம்பியை வைக்க வேண்டும். பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ரத்தக் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எதையும் மறைக்காமல் சொன்னார்.

"வேலை செய்யலீன்னா கழட்டிக்கலாமுங்களா?" என்றார் சென்னியப்பன்.

"கழட்டலாம். கழட்டாமலே அணைச்சும் வைக்கலாம்."

"அப்பச் சரிங்க. எங்க மில்லுல பாதி மிசினு அப்புடித்தான் கெடக்குது."

சாந்தாமணி சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "உங்க ஊட்டுக்காரரா இருந்தா செய்வீங்களா சிஸ்டர்?"

உங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். செய்வேன் என்றால் அந்தக் குடும்பத்தின் முடிவை நீங்கள் எடுத்ததாகிவிடும். தெரியாது என்றால் அவரை நடுவழியில் விட்டதாகிவிடும். எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கும். ராத்திரி முழுக்கத் தோணுற கேள்வியெல்லாம் எழுதி எடுத்துக்கிட்டு மறுநாள் டாக்டர்கிட்ட போவேன்." அடுத்த வாரம் தீவனச் சாக்குச் சீட்டின் பின்பக்கத்தில் பதினொரு கேள்வி எழுதிக்கொண்டு வந்தார். பேச்சு போய்விடுமா, மறதி வருமா, மழையில் இடி இடித்தால் என்ன ஆகும், கம்பியோடு மொட்டை அடிக்கலாமா, கடைசியாக, கோழிக்கறி சாப்பிடலாமா. டாக்டர் பதினொன்றுக்கும் பதில் சொன்னார். மருத்துவமனைக் குழுவும் கூடிப் பேசி அனுமதி கொடுத்த பிறகு நாள் குறித்தோம்.

இந்த ஆபரேஷனில் ஒரு பகுதி நோயாளி விழித்திருக்கையில் நடக்கும். தலை மரத்துப்போக ஊசி போட்டு, உலோகச் சட்டத்தில் அசையாமல் பொருத்தி, அதை மேஜையோடு பூட்டிவிடுவார்கள். அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே கண்ணையும் பேச்சையும் கவனிப்பது என் வேலை. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடிப்பதாகத் திட்டம். அன்று காலை ஆத்தூர் ரோட்டில் ஒரு விபத்து. மண்டையில் அடிபட்டவரை எங்கள் தியேட்டருக்கு முதலில் எடுத்தார்கள். அதுதான் நியாயம். சென்னியப்பனிடம் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார் சர்ஜன்.

"தலைய மழிச்சாச்சுங்க. இன்னொருக்கா இத்தனை தைரியத்தை நான் எங்கீங்க போயித் தேடறது?"

பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். இரண்டரைக்குள் முடிந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டு, முடியாது என்று நினைத்தேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெரிய டாக்டர்கள் இருக்கும் இடத்தில் நர்ஸ் என்ன சொல்வது என்ற தயக்கம். இது என் இரண்டாவது தவறு. முதல் தவறு தெரியாமல் செய்தது, இது தெரிந்தே செய்தது.

துளை போட்டாகிவிட்டது. கம்பி இன்னும் இறங்கவில்லை. நான் அவருடைய பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

"சிஸ்டர். வருதுங்க."

இடது கண் சிவந்துகொண்டிருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்தன. நடந்தால் மட்டுமே தாங்கக்கூடிய வலி அது. அவர் தலையோ இரும்புச் சட்டத்தில் பூட்டிக் கிடக்கிறது.

சர்ஜன் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இருபது நிமிஷம் தாங்கிட்டார்னா கம்பியை வெச்சு முடிச்சிடலாம்" என்றார். மானிட்டரில் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மயக்க மருந்து டாக்டரம்மா எழுந்து என் பக்கம் வந்து குனிந்தார். அவரோடு அதுவரை நான் நூறு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார்.

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"ஆக்சிஜன் குடுத்தா இருபது நிமிஷம் மேடம். இல்லேன்னா ஒன்றரை மணி நேரம்."

"இவருக்கு எது ஆகவே ஆகாது?"

"அசையாதேன்னு சொல்றது."

அவர் நிமிர்ந்தார். "எல்லாரும் கையை எடுங்க. அழுத்தம் இப்படி ஏறுறப்ப உள்ளே கம்பி போகக் கூடாது. தூங்க வெச்சா நம்ம பரிசோதனையும் போச்சு. இந்தத் தலைவலிக்குன்னு இருக்கிற ஊசி அழுத்தத்தை இன்னும் ஏத்தும். ஆக்சிஜன் குடுக்கிறேன். ரத்தம் நிறுத்துற சூட்டுக் கருவியை அணைச்சு வயரையே பிடுங்கி வைங்க. ஆக்சிஜன் இருக்கிற இடத்துல ஒரு பொறி போதும். முகத்துப் பக்கம் துணியைத் தூக்குங்க, காத்து தேங்கக் கூடாது. இருபது நிமிஷம் நாம யாரும் ஒண்ணும் செய்யப் போறதில்லை."

சர்ஜனுக்கு அது பிடிக்கவில்லை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனாலும் ஈரப் பஞ்சை வைத்துத் துளையை மூடினார், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் செய்யாமல் நிற்கத் தெரிந்த சர்ஜன்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு மரியாதை கூடிய நாள் அது.

சட்டத்தின் கம்பிகள் குறுக்கே இருந்ததால் மாஸ்க் சரியாகப் பொருந்தவில்லை. தலைகீழாகத் திருப்பி, விளிம்பை என் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நடக்கோணும் சிஸ்டர்" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து முனகினார்.

"நடக்கலாம் சார். தலை இங்கேயே இருக்கட்டும், காலை ஆட்டுங்க. உங்க வீட்டு வாசல்ல இருந்து மில்லுக்குக் கிளம்புவோம். நான் அந்த ஊருக்கு வந்ததே இல்லை. வழி சொல்லிக்கிட்டே நடங்க."

அவர் கால்கள் போர்வைக்குள் அசையத் தொடங்கின. வலது, இடது, வலது. மிதிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் தவித்தன. அப்போது எங்கள் நரம்பியல் டாக்டர், எரிச்சல்காரர் என்று எல்லோரும் பயப்படுகிற அதே டாக்டர், மேஜையின் கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தார். சென்னியப்பனின் இரண்டு பாதங்களையும் தன் இரண்டு உள்ளங்கைகளில் வாங்கிக்கொண்டார். "மிதிங்க. நல்லா மிதிங்க" என்றார்.

"கேட்டைத் தொறந்தா மேக்கால திரும்போணும்" என்றார் சென்னியப்பன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வந்தது. "தண்ணித் தொட்டி. அப்பறம் பால் சொசைட்டி. அங்கொரு நாயி, என்னையக் கண்டாலே கொலைக்கும்."

"கடிக்குமா?"

"எந்தம்பியத்தான் கடிக்கும்."

எங்கே வளைவு, எங்கே புளியமரம், எந்த வீட்டில் மக்காச்சோளம் ரோட்டில் காய்கிறது என்று எல்லாம் சொன்னார். டாக்டருடைய கைகள் முன்னும் பின்னும் போய்வந்தன. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. தியேட்டரில் ஏழு பேர் நின்றிருந்தோம். டாக்டரம்மா மட்டும் நிமிடத்துக்கு ஒரு முறை அழுத்தத்தை மெதுவாக வாசித்தார். பத்தொன்பதாவது நிமிடம் சென்னியப்பனின் விரல்கள் மேஜை விளிம்பை விட்டன. மாஸ்க்கை எடுத்து, துணியை விசிறி, இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தோம்.

சர்ஜன் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தார். "மில்லு வந்துடுச்சா?"

"வந்துட்டனுங்க. நீங்க உங்க சோலியப் பாருங்க."

கம்பி இறங்கியது. மின்சாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பரிசோதிக்கையில், "சிஸ்டர் ரெண்டாத் தெரியறீங்க" என்றார். அளவு அதிகமானால் கண் அசைவு பாதித்து அப்படித் தெரியும். "ரெண்டு பேருமே மொறைக்கறீங்க" என்று சேர்த்துக்கொண்டார். குறைத்தார்கள். நான் ஒருத்தியானேன். பிறகு முழு மயக்கம் கொடுத்து, இடது மார்பில் பேட்டரியை வைத்து முடித்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா கை கழுவும் இடத்தில் என்னைக் கேட்டார்: "மதியம் வலி வரும்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும் மேடம்."

"பன்னிரண்டு மணிக்கே சொல்லியிருந்தா ஆக்சிஜனைத் தயாரா வெச்சிருப்பேன். இனிமே தெரிஞ்சதைச் சொல்லு. தப்பா இருந்தா நான் திட்டுவேன், அவ்வளவுதான்." அதன் பிறகு பல முறை சொன்னேன். இரண்டு முறை திட்டினார். திட்டு வாங்குவது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

இந்தச் சிகிச்சையில் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிவது போல ஒன்றும் நடக்காது. ஒரு வாரம் போயிற்று, நான்கு வாரம் போயிற்று. சாந்தாமணி தினமும் மூன்றே கால் மணிக்குப் போன் செய்து, "இன்னிக்கும் வந்துதுங்க" என்பார். வைத்துவிடுவார். அளவை ஏற்றச் சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் நெருக்கடி. டாக்டர் மிக மெதுவாகத்தான் ஏற்றினார்.

ஏழாவது வாரம் ஒரு நாள் போன் வந்தது. குரல் மிகவும் சன்னமாக இருந்தது.

"சிஸ்டர், மணி மூணே கால் ஆச்சுங்க. அவரு தூங்கறாருங்க."

"வலி வரலையா?"

"இல்லீங்க. மூச்சு வருதான்னு ரெண்டு தடவ பாத்துட்டேன். வருதுங்க. எழுப்பட்டுங்களா?"

"எழுப்பாதீங்கம்மா."

"நானும் பக்கத்துலயே உக்காந்துக்கட்டுங்களா?"

உட்காருங்கள் என்றேன். போனை வைத்ததும் ஓ.பி.க்குப் போய் டாக்டரிடம் சொன்னேன்.

அதற்கப்புறம் எட்டு மாதம் நன்றாகப் போனது. மில்லுக்கு ஒழுங்காகப் போனார். பிறகு ஒரு நாள் சிவந்த கண்ணோடு வந்து நின்றார். நோய் கம்பிக்குப் பழகிவிட்டது, அளவை ஏற்ற வேண்டும் என்று பேச்சு தொடங்கியது. முதலில் கருவியைப் பார்த்துவிடலாம் என்று நான் சோதிக்கும் கருவியை அவர் மார்பில் வைத்தேன். பேட்டரி அணைந்திருந்தது. சார்ஜ் இருந்தது, கோளாறு ஒன்றும் இல்லை. யாரோ அணைத்தது போல அணைந்திருந்தது. மறுபடி போட்டுவிட்டோம், சில நாளில் வலி போயிற்று. இரண்டு மாதம் கழித்து மீண்டும் வந்தார். மீண்டும் அணைந்திருந்தது.

வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன ரிமோட் கொடுத்திருந்தோம். "இவரே அணைச்சிட்டு வர்றார் போல. ஆஸ்பத்திரிக்கு வந்து கவனிப்பு வாங்கிப் பழகிட்டாங்க" என்றார் எங்களில் ஒருவர். எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. பேனா கையில் இருந்தது. எழுதவில்லை. அந்த வாரம் விடுமுறை நாளில், அயோத்தியாப்பட்டணத்தில் என் வீட்டிலிருந்து கிளம்பி, சேலத்தில் ஒரு பஸ், நாமக்கல்லில் ஒரு பஸ் மாறி எருமப்பட்டிக்குப் போய் இறங்கினேன்.

மில்லில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கூச்சமாக இருந்தது. லாரியில் வந்த மக்காச்சோளம் குழாய் வழியாக அரவை எந்திரத்துக்குப் போகிறது. பதினொரு மணிக்கு எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். குழாயின் நடுவே இருந்த ஒரு கனமான இரும்புத் தட்டை உருவி எடுத்தார். அதில் ஆணி, போல்ட், கம்பித் துண்டு எல்லாம் முள்ளம்பன்றி மாதிரி குத்திட்டு ஒட்டியிருந்தன. தட்டை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

"சார், அது என்ன?"

"காந்தமுங்க. சோளத்துல வர்ற ஆணியெல்லாம் புடிச்சு வெச்சுக்கும். இல்லீன்னா கோழிக்குப் போயிருமுங்க. ஆளுங்க சரியாத் தொடைக்கறதில்லைன்னு ஒரு வருசமா நானேதான் எடுத்துக் கழுவறேன்."

"மெதுவாக் கீழே வையுங்க" என்றேன்.

அப்போது நாங்கள் வைத்த வகைக் கருவியை, பலமான காந்தம் பக்கத்தில் வந்தால் அணைத்துவிடும். குழந்தையைத் தூக்குவது போல இவர் அதைத் தினமும் இடது மார்பில் சாய்த்துத் தூக்கியிருக்கிறார். பெரும்பாலான நாள் தப்பித்திருக்கிறது, சில நாள் சரியான இடத்தில் பட்டிருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் கோணிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் காபி கொண்டு வந்த சாந்தாமணியும் சிரித்தார், அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கருவி அணைந்தது சென்னியப்பனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, வலிக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அப்படியானால் இது தற்செயலாகக் குறைந்தது இல்லை, கம்பிதான் வேலை செய்கிறது என்றார். நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு காந்தத்தைப் பற்றி அவருக்கு எச்சரிக்கை சொன்னவள் நான்தான். அச்சடித்த தாளைப் பார்த்து, விமான நிலையச் சோதனை வாசலில் கவனம் என்று வாசித்தேன். விமான நிலையத்தையே பார்க்காத மனிதரிடம். உங்கள் மில்லில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. எடப்பாடியிலிருந்து வருகிறவர் தறியோடு என்ன செய்கிறார், லாரிப் பட்டறைக்காரர் வெல்டிங் பிடிப்பாரா என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். காபி நன்றாகக் கிடைக்கும்.

இப்போதும் அவருக்கு வருடத்துக்கு நான்கைந்து முறை வலி வருகிறது. ஆக்சிஜனில் அடங்கிவிடுகிறது. இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதில்லை, பலிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவருக்குப் பலித்தது.

போன மாதம் அவருக்குப் பேட்டரி மாற்றினீர்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ததாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே எனக்குப் போன் செய்தார்.

"புது சிஸ்டரு கெட்டிக்காரப் புள்ளைங்க. கை பூ மாதிரி. ஆனா வாயத் தொறந்தா, பேசாம இருங்க ஐயான்னு சொல்லிப்போடுது."

அது உங்களில் யார் என்று எனக்குத் தெரியும். தையல் போடும்போது மார்பு அசையக் கூடாது, நீ சொன்னது சரிதான் கண்ணு. ஆனால் தையல் முடிந்து கட்டுப் போடும்போது ஒரு ஐந்து நிமிடம் அவரைப் பேச விடு. கோடைக்காலத்தில் முட்டை ஓடு ஏன் மெலிந்து போகிறது என்று ஆரம்பிப்பார். முன்பே தெரியும் என்று மட்டும் சொல்லிவிடாதே.